இரண்டு முறை வந்த அதே ஏழரை: ஒரு வாகன உதிரிபாகப் பங்கை மதிப்பிட்ட நிகழ்வு ஆய்வு

## பின்னணி

2023 மார்ச்சில் என் சித்தி மகன் ஒரு பங்கைப் பற்றிப் பேச வந்தான். இங்கே அவனைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். எட்டு ஆண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில் மூன்றில் ஒரு பகுதியை ஒரே நிறுவனத்தில் போட முடிவு செய்திருந்தான். வாங்குவதற்கு முன் நான் ஒரு தடவை கணக்கைப் பார்த்துவிட வேண்டும் என்றான். நான் பல ஆண்டுகள் தணிக்கை வேலையில் இருந்தவள். என் பெரியப்பா உருகிய உலோகத்தை அச்சில் வார்க்கும் ஒரு டை காஸ்டிங் ஆலையில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே மூவரும் உட்கார்ந்தோம்.

நிறுவனம் அலுமினிய வார்ப்புகள் செய்வது. என்ஜின் மூடிகள், ஆயில் பம்பின் உடல், கியர்பாக்ஸ் கூடு போன்றவை. விற்பனையில் 46 சதவீதம் ஒரே கார் தயாரிப்பாளருக்குப் போனது. அடையாளம் தெரியாமல் இருக்க, அன்றைய பங்கு விலையை 100 என்று வைத்து, மற்ற தொகைகளையும் அதே அளவில் "ஒரு பங்குக்கு இவ்வளவு" என்று மாற்றித் தருகிறேன்.

தம்பியின் வாதம் சுருக்கமானது. 2022-இல் ஒரு பங்குக்கு லாபம் 13. விலை 100. அப்படியானால் பி.இ, அதாவது விலை லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற எண், 7.7. இதே பங்கின் பத்தாண்டுச் சராசரி பி.இ 13. "அக்கா, பாதி விலைக்குக் கொஞ்சம் மேலதான் கேக்குறாங்க. லாபம் ஒரே வருஷத்துல இரட்டிப்பு ஆகியிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

## லாபத்தைப் பிரித்துப் பார்த்தது

முந்தைய ஆண்டு லாபம் 6. ஐந்தாண்டுச் சராசரி 8. திடீரென்று 13 வந்தால், தொழிற்கூடத்துக்குள் ஏதோ மாறியிருக்க வேண்டும். புது ஆர்டரோ, புது இயந்திரமோ, கழிவு குறைந்ததோ. ஆண்டறிக்கையில் அப்படி எதுவும் இல்லை. விற்பனைத் தொகை 13 சதவீதம் ஏறியிருந்தது. ஆனால் அனுப்பிய வார்ப்புகளின் எடை 4 சதவீதம்தான் கூடியிருந்தது. மீதி பெரும்பாலும் அலுமினிய விலை.

இந்தத் தொழிலில் உலோக விலை ஏறினால் வாடிக்கையாளர் கூடுதலாகத் தருவார், இறங்கினால் பிடித்துக்கொள்வார். ஒப்பந்தத்திலேயே இருக்கும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு இரண்டு இடத்தில் ஏமாற்றும். அதை அன்று ஒரு தாளில் போட்டே தம்பிக்குக் காட்டினேன். இங்கேயும் அப்படியே தருகிறேன்.

ஒரு வார்ப்பின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் அலுமினியம் 40. உருக்கி, வார்த்து, கடைந்து, சோதித்து அனுப்ப 52. லாபம் 8. லாப விகிதம் 8 சதவீதம். அலுமினியம் 60 ஆனால் வார்ப்பின் விலை 120 ஆகும். லாபம் அதே 8. விகிதம் 6.7 சதவீதமாகக் குறைந்து தெரியும். அலுமினியம் 30 ஆனால் விலை 90, லாபம் 8, விகிதம் 8.9 சதவீதம். மூன்று நிலையிலும் ஆலைக்குள் எதுவும் மாறவில்லை. லாப விகிதம் ஏறுவதிலும் இறங்குவதிலும் ஒரு பகுதி வெறும் வகுத்தல் கணக்கு.

இரண்டாவது இடம் இதைவிடப் பெரியது. விலை திருத்தம் உடனே நடப்பதில்லை. இந்த நிறுவனம், முந்தைய காலாண்டின் லண்டன் உலோகச் சந்தைச் சராசரியை வைத்து இந்தக் காலாண்டின் விலையைப் போடுகிறது. உலோகம் 60-இல் இருந்து 50-க்கு இறங்கும் காலாண்டில் வார்ப்பின் விலை இன்னும் 120-லேயே நிற்கும். செலவு 10 குறைந்துவிடும். லாபம் 8-இலிருந்து 18-க்குத் தாவும். அடுத்த காலாண்டில் விலை 110-க்கு இறங்கி, லாபம் பழையபடி 8.

இப்போது உண்மையில் நடந்ததைப் பாருங்கள். அலுமினியம் 2022 மார்ச் தொடக்கத்தில் டன்னுக்கு 4,000 டாலரை ஒட்டி உச்சம் தொட்டது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 2,200 டாலரை ஒட்டி நின்றது. நிறுவனத்தின் காலாண்டு லாபம் எகிறியது சரியாக நடு இரண்டு காலாண்டுகளில். 2021-இல் உலோகத்தின் காலாண்டுச் சராசரி விலை ஏறிக்கொண்டே இருந்தது, அப்போது இதே இடைவெளி நிறுவனத்துக்கு எதிராக வேலை செய்தது. அந்த ஆண்டின் 6 அவ்வளவு தாழ்ந்து கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தாழ்ந்த ஆண்டை உயர்ந்த ஆண்டோடு ஒப்பிட்டு "இரட்டிப்பு" என்று படித்திருந்தோம்.

காலாண்டு வாரியாகக் கணக்கிட்டதில் உலோக இடைவெளியால் வந்தது வரி போக ஏறத்தாழ 3. இன்னொரு 1.5, வாடிக்கையாளர் தந்த இழப்பீடு. சிப் தட்டுப்பாட்டால் அவர்கள் சொன்ன எண்ணிக்கையில் வாங்க முடியாமல் போனதற்கு ஒரே ஒரு தடவை தந்தது. இரண்டையும் கழித்தால் லாபம் 8.5. ஐந்தாண்டுச் சராசரியான 8-க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. 100-ஐ 8.5-ஆல் வகுத்தால் பி.இ 11.8. மலிவு என்று சொல்ல முடியாது.

தம்பி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பணப்புழக்கத்துக்குத் தாவினான். "சரிக்கா, லாபம் எப்படி வேணா இருக்கட்டும். கைக்கு 30 வந்திருக்கே?"

## சிறிய எழுத்தில் இருந்த குறிப்பு

செயல்பாடுகளில் இருந்து வந்த பணம் ஒரு பங்குக்கு 30 என்று அறிக்கை சொன்னது உண்மைதான். இயந்திரம், கட்டடம் போன்றவற்றுக்குப் போட்ட மூலதனச் செலவு 16 போக மிச்சம் 14. நூறு ரூபாய் பொருளுக்கு ஆண்டுக்குப் பதினான்கு ரூபாய் கைக்கு வருவது போல. எனக்கே கொஞ்சம் ஆசை வந்தது.

ஆனால் 13 லாபமும், கணக்கில் செலவாகக் கழித்தாலும் பணமாக வெளியே போகாத 14 தேய்மானமும் சேர்ந்தாலே 27-தான். கிடங்கில் இருந்த சரக்குக் கையிருப்பும் அந்த ஆண்டு ஏறியிருந்தது, அதில் பணம் முடங்கத்தான் செய்யும். பிறகு 30 எங்கிருந்து? விற்ற சரக்குக்கு வரவேண்டிய பாக்கி 71 நாளில் இருந்து 52 நாளாகக் குறைந்திருந்தது. வாடிக்கையாளர்கள் சீக்கிரம் பணம் தரத் தொடங்கிவிட்டார்களா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "கார் கம்பெனிக்காரன் சீக்கிரம் பணம் குடுத்து நான் பார்த்ததே இல்லம்மா" என்றார்.

கணக்குக் குறிப்புகளின் கடைசிப் பக்கங்களில், நிதி அபாயம் என்ற தலைப்பில், ஒரு பத்தியின் நடுவில் அந்த வரி இருந்தது. வரவேண்டிய பாக்கிகளில் ஒரு பகுதி, வாடிக்கையாளர் தராவிட்டாலும் வங்கி நிறுவனத்திடம் திரும்பக் கேட்கும் உரிமை இல்லாமல் வங்கிக்கு விற்கப்பட்டது, ஆண்டு முடிவில் அதன் அளவு இவ்வளவு. ஒரு பங்குக்கு 17. முந்தைய ஆண்டு அந்த இடத்தில் வெறும் கோடு.

இதில் தவறு எதுவும் இல்லை. ஃபாக்டரிங் எனப்படும் இந்தப் பாக்கி விற்பனை சட்டப்படியான வழி, உதிரிபாகத் தொழிலில் சகஜம். ஆனால் நாளைக்கு வர வேண்டிய பணத்தை இன்றைக்கு வாங்கிவிட்டார்கள். ஒரு பாக்கியை ஒரு தடவைதான் விற்க முடியும். 30-இல் 17 போனால் 13. அதில் மூலதனச் செலவு 16 போனால் 3 பற்றாக்குறை. 14 மிச்சம் என்று படித்த நிறுவனம் உண்மையில் பணத்தைச் செலவழித்துக்கொண்டிருந்தது. கையில் உள்ள பணத்தைக் கழித்த நிகரக் கடன் 22 என்று அறிக்கை காட்டியது. வங்கி நாளைக்கே அந்த வசதியை நிறுத்தினால் அது 39.

## பெரியப்பா கேட்ட கணக்கு

அவர் அதுவரை எண்களில் தலையிடவில்லை. ஆலையில் இருந்து எடுத்து வந்த ஒரு பழைய வார்ப்பு அவரிடம் இருக்கிறது. குறுக்கே அறுத்தது. அறுத்த முகத்தில் ஊசி முனை அளவில் இரண்டு மூன்று துளைகள் தெரியும். வார்க்கும்போது காற்று சிக்கிக்கொள்வதால் வருவது. எண்ணெய் போகிற பாதையில் அப்படி ஒரு துளை இருந்தால் அந்த வார்ப்பு கழிவுதான். "நல்ல ஆலையா மோசமான ஆலையான்னு இதுலதான் தெரியும். கழிவு எத்தனை சதவீதம்னு போட்டிருக்கானா?" என்றார். போடவில்லை. பெரும்பாலும் யாரும் போடுவதும் இல்லை.

"அப்ப சரக்கு அனுப்புற செலவைப் பாரு" என்றார்.

விற்பனையில் 3.1 சதவீதமாக இருந்த சரக்குப் போக்குவரத்துச் செலவு 4.6 ஆகியிருந்தது. அவர் சொன்ன விளக்கத்தை எந்த ஆண்டறிக்கையிலும் நான் படித்ததில்லை. கார் ஆலையின் உற்பத்தி வரிசை உதிரிபாகக்காரரால் நின்றால் அபராதம் நிமிடக் கணக்கில் விழும். அதனால் வார்ப்பில் கழிவு கூடி எண்ணிக்கை குறையும் வாரங்களில் லாரிக்குக் காத்திருக்க முடியாது, தனி வண்டியோ விமானமோ பிடிக்க வேண்டும். ஆலை தடுமாறுவது லாபக் கணக்கில் தெரிவதற்கு முன்பே சரக்குக் கட்டணத்தில் தெரிந்துவிடும்.

கையிருப்பையும் அவர் இதோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னார். 48 நாள் கையிருப்பு 62 நாளாகியிருந்தது. கிடங்கு நிறையச் சரக்கு இருந்தும் அவசர வண்டி பிடிக்கிறார்கள் என்றால், இருப்பது ஒன்று, கேட்பது வேறொன்று. சிப் தட்டுப்பாட்டுக் காலத்தில் கார் ஆலைகள் ஒரு வாரம் நிறுத்தி, மறுவாரம் வேறு மாடலுக்குத் தாவின. அதன் சுமை உதிரிபாகக்காரர் தலையில் விழுந்தது. காரணம் அதுவாக மட்டும் இருந்தால் தானாகச் சரியாகும், கழிவும் சேர்ந்திருந்தால் ஆகாது. எது என்று வெளியில் இருந்து எங்களால் பிரிக்க முடியவில்லை. காத்திருக்க அது ஒரு முக்கியக் காரணமானது.

## வாடிக்கையாளரும் மின்காரும்

46 சதவீதம் ஒரே இடத்தில் என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. 1999-இல் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்து பிரிந்த உதிரிபாக நிறுவனமான டெல்ஃபை, அந்தப் பழைய தாய் நிறுவனத்தையே மிகப் பெரிய வாடிக்கையாளராக வைத்துக்கொண்டு 2005 அக்டோபரில் திவால் பாதுகாப்புக் கேட்டதை நான் சொன்னேன். அங்கே கூலிச் சுமையும் பெரிய காரணம், நேர் ஒப்பீடு ஆகாது. பெரிய வாடிக்கையாளர் ஆண்டுதோறும் ஒன்றிரண்டு சதவீதம் விலைக் குறைப்புக் கேட்கும்போது மறுக்க முடியாது என்பது மட்டும் இங்கேயும் பொருந்தியது.

மின்கார் கேள்வி எங்களைத் தடுமாற வைத்தது. மின்காரில் என்ஜின் மூடியும் இல்லை, என்ஜினுக்கான ஆயில் பம்பும் இல்லை. அந்த மார்ச் மாதக் கடைசியில்தான், 2035 முதல் புதிய கார்கள் கரியமில வாயு வெளியிடக் கூடாது என்ற விதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் இறுதி ஒப்புதல் கொடுத்தது. நிறுவனத்தின் முக்கிய என்ஜின் ஒப்பந்தம் 2026-இல் முடிவதாக அறிக்கை சொன்னது. அந்த விற்பனை, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பகுதி, அப்படியே போய்விடும் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஈடாக எதுவும் வராது என்றும் எடுத்துக்கொண்டேன். ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்துத்தான் அப்படிச் செய்தேன்.

## எடுத்த முடிவு

100-இல் ஒரு பங்கும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். 8.5 லாபத்துக்கு 11.8 மடங்கு, மறைந்திருக்கும் கடன், புரியாத சரக்குச் செலவு. இந்த மூன்றும் சேர்ந்த பிறகு அந்த விலையில் தவறுக்கு இடமே இல்லை.

தம்பிக்கு இது கசந்தது. ஒரு மாதமாக அந்த நிறுவனத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருந்தான். அவ்வளவு உழைப்புக்குப் பிறகு வாங்காமல் இருப்பது நஷ்டம் போல அவனுக்குப் பட்டது. அதனால் தொடர்ந்து கவனிக்க ஒரு தாள் தயாரித்தோம். மூன்று விஷயங்கள் எழுதினோம். வங்கிக்கு விற்ற பாக்கி 17-க்கு மேல் போகக் கூடாது. கையிருப்பு 50 நாளுக்குள் வர வேண்டும். சரக்குச் செலவு 3.5 சதவீதத்துக்குள் திரும்ப வேண்டும். எந்த விலையில் வாங்குவது என்று எழுதவில்லை. யாருக்கும் அது தோன்றவே இல்லை.

## அதற்குப் பின் நடந்தது

2023-இன் முதல் காலாண்டு லாபம் 2.4. அடுத்தது 2.1, மூன்றாவது 1.8. உலோக இடைவெளியும் இழப்பீடும் போனதும் லாபம் நாங்கள் கணக்கிட்ட இடத்துக்கே வந்தது. சந்தை அதை வீழ்ச்சியாகப் படித்தது. ஆகஸ்டில் விலை 84. நவம்பரில் 68.

மூன்றில் ஒரு பகுதிச் சேமிப்பை மார்ச்சில் போட்டிருந்தால் அதில் மூன்றில் ஒரு பகுதி எட்டு மாதத்தில் கரைந்திருக்கும். நாங்கள் மூவரும் திருப்தியாக இருந்தோம். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

அந்த நவம்பரில் எங்கள் தாளில் இருந்த மூன்றும் நிறைவேறியிருந்தன. விற்ற பாக்கி 12-க்கு இறங்கியிருந்தது. கையிருப்பு 49 நாள். சரக்குச் செலவு 3.3 சதவீதம். அதாவது ஆலை நன்றாகத்தான் இருந்தது, தடுமாற்றம் ஆர்டர்களின் குழப்பத்தால் வந்தது. கிடங்கில் முடங்கிய பணம் திரும்பி வந்ததால், விற்ற பாக்கியையும் சேர்த்த கடன் 39-இல் இருந்து 28-க்குக் குறைந்திருந்தது.

விலை 68. கடைசி நான்கு காலாண்டு லாபம் 9.2. பி.இ 7.4. மார்ச்சில் 7.7, நவம்பரில் 7.4. எண் கிட்டத்தட்ட ஒன்றுதான். மார்ச்சின் ஏழரை, ஊதிப்போன லாபத்தின் மேல் நின்றது. நவம்பரின் ஏழரை, சாதாரண லாபத்தின் மேல் நின்றது. இழப்பீட்டின் மிச்சம் இருந்த ஒரு காலாண்டை விட்டுவிட்டு, எங்கள் 8.5-ஐ வைத்துப் பார்த்தாலும் 8 மடங்குதான். கடனும் குறைவு. எட்டு மாதம் முன்பு தம்பி தேடிய மலிவு அன்றுதான் வந்திருந்தது.

நாங்கள் வாங்கவில்லை. தாளை எடுத்து வைத்துப் பேசினோம், உண்மை. "வேண்டாம்னு சொன்னதுதான் சரியாப் போச்சுல்ல, இப்ப எதுக்குத் தொடணும்? இன்னும் இறங்கட்டும்" என்றான் தம்பி. நானும் தலையாட்டினேன். 100 என்ற விலையைப் பற்றிச் சொன்ன தீர்ப்பை, எங்களை அறியாமலே நிறுவனத்தின் மேல் சொன்ன தீர்ப்பாக மாற்றிக்கொண்டிருந்தோம். மூன்று காலாண்டாக இறங்கிக்கொண்டே வரும் லாபத்தைப் பார்த்து எனக்கும் பயம் வந்தது. அது 8.5-க்குத்தான் திரும்பும் என்று முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தவள் நான்தான்.

2024 பிப்ரவரியில் ஆண்டு முடிவு வந்தது. நான்காவது காலாண்டு 2.1, ஆண்டு லாபம் 8.4. விலை மேலேறத் தொடங்கியது. ஏப்ரலில் 88-க்குத் தம்பி தன் சேமிப்பில் பத்தில் ஒரு பகுதிக்கு வாங்கினான். பத்தரை மடங்கு. நியாயமான விலை, மலிவு இல்லை.

ஜூனில் அந்த என்ஜின் ஒப்பந்தம் ஹைப்ரிட் கார்களுக்காக 2030 வரை நீட்டிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு பல கார் நிறுவனங்கள் மின்கார் திட்டத்தைத் தள்ளிப்போட்டன. வால்வோ கார்ஸ்கூட 2030-க்குள் முழுக்க மின்கார் என்ற இலக்கைச் செப்டம்பரில் கைவிட்டது. ஹைப்ரிடிலும் என்ஜின் உண்டு, மூடியும் பம்பும் உண்டு. ஐந்தில் ஒரு பகுதி விற்பனை முழுதாகப் போய்விடும் என்று நான் வைத்த கணக்கு தவறு. செப்டம்பர் இறுதியில் விலை 104.

## இப்போது மாற்றிச் செய்வது

உலோகக் கணக்கைப் போட்டது, பணப்புழக்கத்தில் இருந்து விற்ற பாக்கியைக் கழித்தது இரண்டையும் இன்றும் அப்படியே செய்வேன். உதிரிபாகப் பங்கு எதுவானாலும் இனி டன் கணக்கில் இருந்து தொடங்குவேன், விற்பனைத் தொகையில் இருந்து இல்லை.

மின்கார் விஷயத்தில் ஒரே ஒரு எதிர்காலத்தை வைத்துக்கொண்டது பெரிய தவறு. ஒப்பந்தம் முடிகிறது, பாதி தொடர்கிறது, முழுதாக நீள்கிறது என்று மூன்று நிலைக்கும் தனித்தனியாக மதிப்புப் போட்டிருக்க வேண்டும். மோசமானதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பாதுகாப்பு என்று நினைத்தேன். அது 68-இல் வாங்கவும் தடையாக இருந்தது.

விலையை எழுதாமல் விட்டதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மார்ச்சிலேயே "8.5 லாபம், 39 கடன், இதற்கு நாங்கள் தரத் தயாரான விலை 72" என்று எழுதியிருந்தால் நவம்பரில் பேச்சே தேவைப்பட்டிருக்காது. அன்று அமைதியாக இருந்தோம், கணக்கு கையில் இருந்தது. விலை இறங்கிக்கொண்டிருக்கும் நாளில் உட்கார்ந்து அதைத் தீர்மானிப்பது வேறு வேலை, எங்களால் முடியவில்லை.

தாள் இப்போது மாறியிருக்கிறது. மேலே வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டும் தேதியோடு இருக்கின்றன. விற்பதற்கு 125 என்று எழுதியிருக்கிறோம், லாபம் 10-ஐத் தாண்டினால் மட்டும் அதை மறுபடி பேசலாம் என்ற குறிப்போடு. முதல் வரிசையில் சரக்குப் போக்குவரத்துச் செலவு. பெரியப்பா கேட்டுக்கொண்டதால் அதை லாபத்துக்கும் மேலே வைத்திருக்கிறோம். ஒவ்வொரு காலாண்டும் முடிவு வந்த அன்று மாலையே தம்பி அந்த எண்ணை முதலில் அவருக்குத்தான் அனுப்புகிறான்.